ஏட்டின் உடைமை யாருக்கு? – பொதுத் தரவுத்தளங்களும் திறந்த மூலமும்

ஒரு மக்கட் கூட்டத்தின் நினைவு அதன் ஏடுகளிலே தங்கியிருக்கின்றது. ஏடு அழியுமிடத்து நிலம் அழிந்துவிடுவதில்லை. ஆனால், அந்நிலம் இன்னாருக்கு உரியது என்ற உண்மை அழிந்துவிடுகின்றது. இதனை ஈழத்துத் தமிழருக்கு எடுத்துரைக்க வேண்டிய தேவை இல்லை. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுட் பல வேறெங்கும் படியில்லாத தனிப்படிகள் என்பதே அவ்விழப்பை ஈடுசெய்யவியலாததாக்கியது.

செங்கலடியிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்துள்ள கரடியனாறு வயலையும் கால்நடையையும் நம்பி வாழும் ஊர். அவ்வூரின் வரலாறு நூலகங்களில் இல்லை. கச்சேரியிலும் பிரதேச செயலகத்திலும் உள்ள பதிவேடுகளிலேயே இருக்கின்றது. 2007 ஆம் ஆண்டு யுத்தத்தின்போது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள பிரதேசங்களின் மக்கள் பெருந்தொகையினராக இடம்பெயர்ந்தனர். உடுத்த உடையோடு வெளியேறியோர் பிறப்புச் சான்றிதழையும் காணி அனுமதிப்பத்திரத்தையும் எவ்வாறு காத்திருக்க முடியும்? பத்திரத்தை இழந்தவனுக்கு எஞ்சும் சாட்சி அரசின் பதிவேடு ஒன்றேயாகும்.

அப்பதிவேடு இன்று உருமாறி வருகின்றது. தடித்த அட்டையிட்ட பேரேடு மறைந்து, அதன் இடத்தைக் கணினித் தரவுத்தளம் பிடித்துக்கொள்கின்றது. 2023 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அஸ்வெசும உதவித்திட்டத்திலே பெயர் இருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது கணினிப் பட்டியல். உர மானியம், ஓய்வூதியம், தேசிய அடையாள அட்டை ஆகிய யாவும் இவ்வழியிலேயே செல்கின்றன. ஆகவே, அத்தரவுத்தளம் எதன்மேல் இயங்குகின்றது, அதற்கு வாடகை பெறுபவர் யாவர், அவர் கதவை அடைத்தால் திறப்பவர் யாவர் என்ற வினாக்கள் பொறியியலாளருக்கு மட்டும் உரியவையல்ல. அவை கரடியனாற்று விவசாயிக்கும் உரியவை. அரசியற் பொருளாதார வினாக்கள்.

குத்தகை வயல்

தரவுத்தளம் என்பது பல இலட்சம் பதிவுகளை ஒழுங்குபட வைத்திருந்து, கேட்ட கணத்தில் எடுத்துத் தரும் மென்பொருள். அதற்கும் கணினி இயந்திரத்துக்கும் இடையில் நின்று நினைவகத்தையும் வட்டையும் வலையமைப்பையும் ஆள்வது பணிசெயல் முறைமை. இவ்விரண்டும் இருவகையிற் கிடைக்கின்றன. ஒருவகை, மூலக்குறியை மறைத்து வைத்து, பயன்படுத்தும் உரிமையை மட்டும் விலைக்கு விடுவது. மறுவகை, மூலக்குறியை எவரும் வாசிக்கவும் திருத்தவும் படியெடுத்துப் பகிரவும் விடுவது. லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையும் போஸ்ட்கிரெஸ்கியூஎல், மரியாடிபி முதலிய தரவுத்தளங்களும் இரண்டாம் வகையின.

மட்டக்களப்பு மண்ணிலே போடியாரின் வயலைக் குத்தகைக்குச் செய்பவனின் நிலை எவரும் அறிந்ததே. விதைப்பவன் அவன், காவலிருப்பவன் அவன், வெள்ளத்துக்கும் வரட்சிக்கும் அஞ்சுபவன் அவன். எனினும், வரம்பை மாற்ற அவனுக்கு உரிமையில்லை. அடுத்த போகம் வயல் கிடைக்குமா என்பதும் அவன் கையில் இல்லை. உரிமக் கட்டண மென்பொருளில் நாட்டின் பதிவுகளை ஏற்றி வைத்திருக்கும் அரசின் நிலை இதனின் வேறானதன்று. விளைச்சல் நாட்டினது, வயல் அயலானது.

டொலரில் அளக்கப்படும் வாடகை

2022 ஆம் ஆண்டு இக்குத்தகையின் உண்மை முகத்தைக் காட்டியது. அவ்வாண்டு ஏப்ரல் 12 ஆம் திகதி இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. பத்தாயிரம் டொலர் உரிமக் கட்டணம் கொண்ட ஓர் அலுவலகத்தை எண்ணிப் பார்க்கலாம். இருபது இலட்சம் ரூபாவாக இருந்த அதன் செலவு, எந்தப் புதிய வசதியும் சேராமலே, முப்பத்தாறு இலட்சமாயிற்று. எரிபொருளுக்கும் மருந்துக்கும் டொலர் இல்லாது வரிசையில் நின்ற நாடு, தன் சொந்தப் பதிவேட்டைத் திறந்து பார்ப்பதற்கும் டொலர் கட்ட வேண்டுமென்பது எவ்வகையில் நியாயமாகும்?

வாடகை செலுத்த இயலாதபோது நிகழ்வது யாது என்பதற்கும் அண்மைச் சான்று உண்டு. 2023 ஆகஸ்ட் 26 ஆம் திகதி இலங்கை அரசின் மேகக் கணிமையிலிருந்த மின்னஞ்சற் சேவை கப்பம் கோரும் நச்சுநிரலுக்கு இரையாயிற்று. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன; மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளப்பெற இயலாவண்ணம் அழிந்தன. அச்சேவை மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பில் இயங்கியது. அப்பதிப்புக்கான ஆதரவை அதன் உரிமையாளர் அவ்வாண்டு ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டனர். புதிய பதிப்புக்கு மாறுவது தாமதித்ததற்கு நிதி வரையறையும் ஒரு காரணம் எனப் பொறுப்பான நிறுவனமே கூறியது. கட்டணம் கட்டாதவனுக்குப் பூட்டு மாற்றித் தரப்படுவதில்லை என்பதே இதன் பொருள். திறந்த மூல மென்பொருளுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் காலந்தோறும் வேண்டும். ஆனால், அங்கே திருத்தம் பெறுவதற்குத் திறைசேரியின் அங்கீகாரத்தையும் டொலரின் வருகையையும் எதிர்பார்த்து எவரும் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்நாட்டாரே நாட்டிய சான்றுகள்

திறந்த மூலத்தின்மேற் பெருங் காரியங்களை நடத்தும் ஆற்றல் இலங்கையில் இல்லை என்ற கூற்று உண்மைக்கு மாறானது. மூன்று சான்றுகளை நோக்குவோர்க்கு இது தெளிவாகும்.

முதலாவது, சகானா. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைக் காவுகொண்டது. மட்டக்களப்புக் கரையோரம் சிதைந்தது. காணாமற்போனோர் யாவர், எந்த முகாமில் எத்தனை பேர், எங்கு எப்பொருள் தேவை என்பவற்றைத் தொகுத்தறிய வழியில்லாத அந்நாட்களில், இலங்கை மென்பொருளாளர்கள் தொண்டாகக் கூடி லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி ஆகிய திறந்த மூலக் கருவிகளைக் கொண்டு ஒரு தரவு முறைமையை ஆக்கினர். சிங்களத்தில் ‘நிவாரணம்’ எனப் பொருள்படும் சகானா என்ற பெயரை அது பெற்றது. லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் அதனை வளர்த்தது. 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும், அவ்வாண்டே இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்தின்போதும், 2010 இல் ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூக நலத்துக்கான 2006 ஆம் ஆண்டு விருதை அதற்கு வழங்கியது. உரிமம் வாங்க விலைமனு கோரிக்கொண்டிருந்தால் இம்முறைமை பிறந்தே இராது.

இரண்டாவது, இலண்டன் பங்குச் சந்தை. 2007 ஆம் ஆண்டு அச்சந்தை மைக்ரோசொப்டின் தொழினுட்பத்தில் அமைந்த ஒரு வர்த்தக முறைமையை நிறுவியது. 2008 செப்டெம்பர் 8 ஆம் திகதி அச்சந்தையின் வர்த்தகம் பல மணிநேரம் தடைப்பட்டது. 2009 இல் இலண்டன் சந்தை மிலேனியம்ஐடி என்ற இலங்கை நிறுவனத்தையே விலைக்கு வாங்கியது. 2011 பெப்ரவரி 14 இல் அந்நிறுவனத்தார் ஆக்கிய, லினக்ஸில் இயங்கும் முறைமைக்கு மாறியது. உலகின் மூத்த பங்குச் சந்தைகளுள் ஒன்று கொழும்புக்கு அண்மையில் எழுதப்பட்ட செய்நிரலை நம்பித் தன் நாளாந்த வாணிபத்தை ஒப்படைத்தது. இலண்டனின் செல்வத்தைச் சுமக்கவல்ல முறைமை செங்கலடிப் பிரதேச செயலகத்தின் பதிவேட்டைச் சுமக்காதா?

மூன்றாவது, கொவிட் பெருந்தொற்று. 2020 ஜனவரி 27 இல் இலங்கையில் முதல் நோயாளி இனங்காணப்பட்ட நாட்களிலேயே, நாட்டின் நுழைவாயில்களில் வந்திறங்குவோரைப் பதிவுசெய்து கண்காணிக்கும் முறைமை ஒன்றை இலங்கைச் சுகாதாரத் தகவலியலாளர்கள் உருவாக்கினர். ஒஸ்லோ பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் டிஎச்ஐஎஸ்2 என்னும் திறந்த மூலச் சுகாதார மென்பொருளே அதன் அடித்தளம். அதன் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். இலங்கையில் ஆக்கப்பட்ட அவ்வமைப்பு பின்னர் பொதுமைப்படுத்தப்பட்டு 50 இற்கு மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது. இதே மென்பொருளையே இலங்கையின் குடும்ப சுகாதாரப் பணியகமும் தாய்சேய் நலத் தகவல்களைத் திரட்டுவதற்குக் கையாள்கின்றது. கரடியனாற்றிலே வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர் எழுதும் குறிப்புகள் தொகைகளாகி இறுதியில் இத்தகைய ஒரு தரவுத்தளத்தையே சென்றடைகின்றன. இவ்வளவிருந்தும் இவற்றை விதிவிலக்குகளாகவே கருதி, குத்தகையைப் பொதுவிதியாகக் கொள்ளும் மனப்பாங்கு நீங்கவில்லை.

எதிர்வாதங்களும் அவற்றின் வலுவின்மையும்

இலவசமாகக் கிடைப்பது பெருஞ்சுமை தாங்காது என்பர் சிலர். இவ்வாதத்தை அவர்கள் போற்றும் நிறுவனங்களே கைவிட்டு நெடுங்காலமாயிற்று. ஒராக்கிள் நிறுவனம் 1998 ஆம் ஆண்டிலேயே தன் தரவுத்தளத்தை லினக்ஸுக்கு ஆக்கி வெளியிட்டது. லினக்ஸை ஒரு புற்றுநோய்க்கு ஒப்பிட்டு 2001 இல் அதன் தலைவரால் இகழ்ந்த மைக்ரோசொப்ட் நிறுவனமே 2017 இல் தன் எஸ்கியூஎல் சேர்வரை லினக்ஸில் இயங்கச் செய்தது. அவ்வாண்டு நவம்பர் தொட்டு உலகின் 500 முதன்மை மீக்கணினிகள் அனைத்தும் லினக்ஸிலேயே இயங்கி வருகின்றன. போஸ்ட்கிரெஸ் நேற்று முளைத்ததன்று. 1986 இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கல் ஸ்டோன்பிறேக்கர் தொடங்கிய ஆய்வின் வழித்தோன்றல் அது. அயலிலே இந்தியாவின் மின்-நீதிமன்றத் திட்டம், தமிழ்நாட்டு மாவட்ட நீதிமன்றங்கள் உட்பட, வழக்கு விபரங்களை உபுண்டு லினக்ஸிலும் போஸ்ட்கிரெஸிலும் வைத்துப் பேணுகின்றது.

பழுது நேர்ந்தால் யார் பொறுப்பு என்பர் வேறு சிலர். பணம் கொடுத்தால் பொறுப்பேற்பார் ஒருவர் உண்டு என்ற நம்பிக்கை இதன் அடியில் உள்ளது. உரிம ஒப்பந்தங்களை வாசித்தோர் அறிவர்: இழப்பீட்டுப் பொறுப்பைப் பெரும்பாலும் கைகழுவிவிடுவதே அவற்றின் நீண்ட பத்திகளின் உட்பொருள். 2023 இல் அழிந்த கடிதங்களை எந்த உரிமையாளரும் மீட்டுத் தரவில்லை. மறுபுறம், திறந்த மூலத்துக்கும் பராமரிப்பு ஒப்பந்தம் செய்யலாம். வேறுபாடு இதுவே: ஒருவர் சரியாகச் செய்யாவிடின் அதே மூலக்குறியைக் கொண்டு இன்னொருவரை அமர்த்தலாம், போடியாரை மாற்ற இயலாது, வேலையாளை மாற்ற இயலும்.

திறந்த மூலத்தையும் நிறுவனங்கள் பறித்துவிடுகின்றனவே என்பது சற்று வலுவான வாதம். 2020 டிசெம்பரில் ரெட் ஹெட் நிறுவனம், பல சேவையகங்களில் இயங்கிய சென்ட்ஓஎஸ் 8 இன் ஆயுளை 2021 ஆம் ஆண்டிறுதியுடன் முடிப்பதாக அறிவித்தது. பத்தாண்டுக் காலம் நிலைக்கும் என நம்பியிருந்தோர் ஏமாற்றமடைந்தனர். எனினும், தொடர்ந்து நிகழ்ந்தது யாது? மூலக்குறி வெளியில் இருந்தமையால் 2021 ஆம் ஆண்டிலேயே அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என இரு முறைமைகள் அதனிடத்தில் எழுந்தன. மைஎஸ்கியூஎல் ஒராக்கிளின் கைக்குச் சென்றபோதும் அதனை ஆக்கியவரே அதன் மூலக்குறியிலிருந்து மரியாடிபியைப் பிரித்தெடுத்தார். மரம் வெட்டப்பட்டது, விதை பொதுவில் இருந்தமையால் காடு அழியவில்லை. மூடிய மென்பொருள் கைவிடப்படுமாயின் விதையும் உடன் புதைக்கப்படுகின்றது.

நெடுங்கணக்கும் ஒரு சாட்சி

கலைப்பீடத்தார் இது தமக்குப் புறம்பான விடயம் என எண்ணுதல் தகாது. கணினியில் தமிழ் எழுத்துக்குரிய குறியெண்களின் வரிசை நெடுங்கணக்கின் வரிசையன்று. ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே, குறியெண்ணை மட்டும் நோக்கிப் பெயர்களை அடுக்கும் தரவுத்தளம் கனகம்மாவை முன்னும் கமலாவைப் பின்னும் வைக்கும். னகரத்தை இறுதி மெய்யாகக் கொள்ளும் நெடுங்கணக்கின்படி கமலாவே முன்வர வேண்டும். சிறு குறையெனத் தோன்றலாம். ஆயினும், பட்டியலின் உரிய இடத்தில் பெயர் காணப்படாமையால் பதிவே இல்லையெனத் திருப்பி அனுப்பப்படும் மூதாட்டிக்கு அது சிறு குறையன்று.

போஸ்ட்கிரெஸில் நெடுங்கணக்கு வரிசையைப் பின்பற்றும் அடுக்கு விதியைத் தெரிவுசெய்ய இயலும்; அவ்விதி எழுதப்பட்டுள்ள கோப்பை எவரும் திறந்து வாசிக்கலாம். தொல்காப்பியம் கற்ற மாணவன் ஒருவன் அதிற் பிழை கண்டால், திருத்தத்தை எழுதி அனுப்பும் உரிமை அவனுக்குண்டு. மூடிய மென்பொருளிலும் தமிழ் வரிசை இருக்கக்கூடும்; ஆனால், அது பிழைபடின் மனு எழுதிக் காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. தன் மொழியின் எழுத்து வரிசைக்காக அயல்நாட்டு வணிக நிறுவனத்திடம் விண்ணப்பிக்கும் நிலை ஒரு சமூகத்துக்குப் பெருமை தருவதன்று.

சுதந்திரம் தானே காப்பதில்லை

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தலாகாது. திறந்த மூலம் என்ற பெயர் மட்டும் எந்தத் தரவையும் காப்பாற்றாது. 2021 ஆம் ஆண்டு தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் தரவுகள் அழிக்கப்பட்டமை நாடெங்கும் சர்ச்சையாயிற்று. அது உரிமக் கட்டணத்தால் விளைந்த கேடன்று. மனிதர் கையால் நேர்ந்தது. போதிய காப்புப்பிரதி இல்லாதவிடத்து ஒரு கை செய்த செயல் ஒரு நாட்டின் இழப்பாகிவிடும் என்பதையே அந்நிகழ்வு புகட்டியது. லினக்ஸில் இருந்தாலும் காப்புப்பிரதி எடுக்காத தரவுத்தளம் தனிப்படிச் சுவடியே, எரிந்தால் எரிந்ததே.

ஆனால், படியெடுக்கும் ஒழுக்கத்துக்கு உகந்த மண் எது என்பதே வினா. பண்டைச் சுவடிகள் கறையானையும் நீரையும் தாண்டிப் பிழைத்தது ஒரே காரணத்தால்: படித்தவன் படியெடுக்கத் தடையிருக்கவில்லை. சி. வை. தாமோதரம்பிள்ளை பல்லிடத்துச் சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கிப் பதிப்பிக்க முடிந்தது, பல்லிடத்தே படிகள் இருந்தமையாலேயே. உரிமத்தில் இயங்கும் தரவுத்தளத்துக்கு இரண்டாம் சேவையகம் நிறுவப் பெரும்பாலும் இரண்டாம் கட்டணம் வேண்டும். செலவுக்கு அஞ்சும் அலுவலகம் அதனைத் தவிர்க்கின்றது. போஸ்ட்கிரெஸின் நிகழ்நேரப் படியை மட்டக்களப்பில் ஒன்று, கொழும்பில் ஒன்று, கண்டியில் ஒன்று என வைப்பதற்கு இயந்திரமும் மின்சாரமும் திறமையுள்ள மனிதரும் வேண்டுமேயன்றி உரிமக் கட்டணம் வேண்டியதில்லை.

திறமையுள்ள மனிதருக்குச் செலவுண்டு என்பதை மறுப்பார் இலர். எனினும், அச்செலவு ரூபாவில், இந்நாட்டு இளைஞரின் ஊதியமாக, இந்நாட்டிலேயே தங்கும் செலவு. கரடியனாற்றுக்கு அண்மையிலே வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அங்கு கணினியியல் பயிலும் மாணவர், தம் மாவட்டத்தின் பதிவேடுகளைத் தாங்கும் சேவையகங்களைப் பேணக் கற்பது எட்டாக் கனியா? உரிமத்துக்குச் செல்லும் பணத்தின் ஒரு பகுதி அவர்களின் பயிற்சிக்குத் திருப்பப்படின், இந்நாடு வாடகைச் சீட்டை அன்று, கைத்தொழிலைச் சம்பாதிக்கும்.

ஆகவே, வேண்டப்படுவன தெளிவானவை. பொதுமக்களின் பணத்தில் ஆக்கப்படும் தரவுத்தளம் எதுவாயினும் திறந்த மூலப் பணிசெயல் முறைமையிலும் திறந்த மூலத் தரவுத்தளத்திலும் அமைதல் வேண்டும். அவ்வாறு அமையாவிடின் ஏன் என்பதைச் சம்பந்தப்பட்ட நிறுவனம் எழுத்தில் விளக்குதல் வேண்டும். ஏற்கெனவே பூட்டப்பட்டுள்ள பதிவுகள் திறந்த வடிவத்தில் வெளியே எடுக்கத்தக்கவையாக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு பதிவேட்டுக்கும் வேறுவேறு இடங்களில் மூன்று படிகளேனும் இருத்தலும், அவற்றை மீட்டுப் பார்க்கும் ஒத்திகை ஆண்டுதோறும் நடைபெறலும் சட்டமாக்கப்படல் வேண்டும். பல்கலைக்கழகங்கள் இக்கோரிக்கையைத் தம் சொந்த அலுவலகங்களிலிருந்தே தொடங்குதல் தகும். மாணவரின் புள்ளிகளை வாடகை ஏட்டில் எழுதிக்கொண்டு பிறருக்குச் சுதந்திரம் போதிப்பது பொருந்தாது.

அறிவியலைப் படைப்பவர் ஒரு புறமும் அதற்கு வாடகை கட்டுபவர் மறுபுறமுமாக உலகம் பிரிந்து கிடக்கின்றது. இலங்கை படைப்போர் பக்கத்தில் நிற்கவல்லது என்பதைச் சகானாவும், இலண்டன் சந்தையும், பெருந்தொற்றுக் காலத்துச் சுகாதார முறைமையும் நிறுவிவிட்டன. இனி ஆற்றல் உண்டா என்று கேட்பதற்கில்லை. மனம் உண்டா என்பதே கேட்கத்தக்கது. இடம்பெயர்ந்து மீண்ட கரடியனாற்று விவசாயிக்குத் தன் காணி தன்னுடையது என மெய்ப்பிக்க ஒரு பதிவு வேண்டும். அப்பதிவு, எவனோ ஒருவன் தவணைதோறும் புதுப்பித்துத் தரும் அனுமதியில் தொங்கிக்கொண்டிருத்தல் ஆகாது. மக்களின் ஏடு மக்களின் கையில் இருத்தல் வேண்டும்.